இரண்டரை மணிக்கு அக்கா கேட்டது

அக்காவின் கைப்பையில் எப்போதும் ஓர் அளவு நாடா இருக்கும். தையல்காரர்கள் கழுத்தில் போட்டிருக்கும் துணி நாடா இல்லை, கொத்தனார் வைத்திருக்கும் இரும்பு நாடா. பித்தானைத் தட்டினால் சர்ரென்று சுருண்டு உள்ளே போய்விடும். இருபத்திரண்டு ஆண்டுகள் அரசு வழக்கறிஞராக ஒரே நீதிமன்றத்துக்குப் போய்வந்தாள். அங்கே அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். "இஞ்சி டேப்பு வந்தாச்சா?" என்று கேட்டால் வாசல் காவலர்கூட அவள் அறையைக் கை காட்டுவார்.

அவள் இறந்து இருபத்தாறு நாளாகிறது. வழக்கறிஞர் சங்கம் நடத்திய இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் அந்த நாடாவைப் பற்றியே பேசினார்கள். சிரிக்கவும் சிரித்தார்கள். ஸ்டோர் ரூம் பெண்ணின் வழக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது அவள் கிட்டத்தட்டத் தானாகவே கைவிட்ட வழக்கு. அதில் நடந்தது முழுவதும் இப்போது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அவள் வேலை செய்யும் விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு சாட்சி எதையாவது பார்த்தேன், கேட்டேன் என்று சொன்னால், அக்கா அதே இடத்துக்கு அதே நேரத்தில் போவாள். சாட்சி நின்ற இடத்தில் தானும் நிற்பாள். தன் கண்ணுக்குத் தெரிந்தால், தன் காதில் விழுந்தால்தான் அந்த ஆளைக் கூண்டில் ஏற்றுவாள். இதற்கு எதிர்முனையில் நிற்க ஓர் ஆள் வேண்டுமே, அது நான். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தேன், விடுமுறை நிறைய. நாங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால், "வாய்தா வாங்கியிருக்கோம்" என்பாள் அக்கா.

அவளுக்காக நான் தெரு விளக்கின் கீழ் மூன்று நிறச் சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு முனையில் பதினொரு தடவை சைக்கிளில் திரும்பியிருக்கிறேன். பதினோராவது தடவை ஒரு வீட்டுக்காரர் வெளியே வந்து, "வழி தெரியலையாம்மா?" என்று கேட்டார். அந்தத் திருப்பத்தில் வண்டி எண் தெரியாது என்று அக்கா நீதிமன்றத்தில் தானே எழுந்து சொன்னாள். வண்டிக்காரன் விடுதலையானான். எதிர்த்தரப்பில் நின்றவர் அவளோடு சட்டக் கல்லூரியில் படித்தவர். குரல் அப்படி, அதனால் அக்கா அவரை ஸ்பீக்கர் என்பாள். "ஏம்மா, எங்க வேலையையும் நீயே பாத்துட்டா நாங்க எங்க போய் நிக்கறது?" என்று வராந்தாவில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

"நான் ஜெயிக்கறதுக்குச் சம்பளம் வாங்கல ஸ்பீக்கர். நீ வாங்கற. நீ போய்ப் படி" என்றாள் அக்கா.

அந்த வழக்கு வந்தது பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு. பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. செல்போன் கடையில் வேலை. கூட வேலை பார்த்த ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொள்வேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். நம்ம ஆளுங்க இல்லை என்று அப்பா மறுத்திருக்கிறார். அவர் பஸ் டிரைவர், தெருவில் நல்ல பெயர். மூன்றாம் நாள் மதியம் அவள் வீட்டின் ஸ்டோர் ரூமில் தூக்கில் தொங்கினாள். தற்கொலை என்றது வீடு. அப்பா முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தாராம், அம்மா கடைக்குப் போயிருந்தாராம். உடலைப் பரிசோதித்த டாக்டர், கழுத்தில் இருந்த தடம் எப்படி வேண்டுமானாலும் வந்திருக்கலாம் என்று எழுதிவிட்டார்.

ஒன்பது நாள் கழித்துப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா காவல் நிலையத்துக்குப் போனார். பள்ளிச் சீருடை தைப்பவர், தனி ஆள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அன்று மதியம் இரண்டரை மணிக்கு நூல் அறுந்து மெஷினை நிறுத்தினாராம். சுவருக்கு அந்தப்புறமிருந்து பெண்ணின் குரல் கேட்டதாம். "அப்பா, விட்டுடுங்க" என்று கத்தினாள் என வாக்குமூலத்தில் எழுதியிருந்தது. இன்ஸ்பெக்டர் கொலை வழக்காக மாற்றினார். வழக்கு முழுவதும் அந்த ஒரு குரலில்தான் நின்றது.

"இந்த மாதிரிக் கேஸ்ல செத்தவளுக்குன்னு வீட்டு ஆள் யாரும் வரமாட்டாங்க" என்றாள் அக்கா, கேஸ் கட்டை முதல் தடவை படித்து முடித்தபோது. "வீடே எதிர்ல உக்காந்திருக்கும். அவ பக்கம் நான் ஒருத்திதான்."

பிறகு நாடாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "சனிக்கிழமை உனக்கு வேலை இருக்கா?" என்றாள்.

அப்பா ஜாமீனில் வந்து மனைவியோடு வேறு வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு போலீஸ்காரர் வந்து திறந்துவிட்டு, உள்ளே வராமல் எதிர்ப்பக்கம் நிழலில் போய் நின்றுகொண்டார். அக்கா சுவரை அளந்தாள், ஒன்பது அங்குலம். கதவை அளந்தாள். அந்த அறை சாமான் போட்டு வைக்கக் கட்டியது என்பதால் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருந்தது. அதுவும் கழன்று தொங்கியது. அதைக் குறித்துக்கொண்டாள்.

"நீ உள்ள நில்லு. கதவச் சாத்திக்க. சரியா ரெண்டரைக்கு 'அப்பா விட்டுடுங்க'ன்னு கத்து. பத்து எண்ணிட்டு மறுபடி. மொத்தம் மூணு தடவை. நல்லாக் கத்தணும், நூலகத்துல பேசற மாதிரி முணுமுணுக்காத."

"எனக்குப் பயமா இருக்குக்கா."

"போலீஸ் நிக்குதுல்ல?"

"அவரே பயந்து தெருவுல நிக்கறாரு."

சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுத் தையல்காரம்மா வீட்டுக்குப் போனாள்.

அறையில் ஒன்றும் இல்லை. சாமான்களைக் காலி செய்திருந்தார்கள். அலமாரி இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக, ஆள் உயரத்துக்கு. கையகல ஜன்னலின் கம்பிவலையில் யாரோ ஒரு ஹேர்பின்னைச் செருகி வைத்திருந்தார்கள், தொலைந்துவிடாமல் இருக்கச் செருகுவோமே அப்படி. அதை மறுபடி எடுக்கப் போகிறவள் செருகியது போல இருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு இருபத்தொன்பது. முள் மேலே வந்தது. வாயைத் திறந்தேன்.

சத்தம் வரவில்லை. அங்கே நின்று அந்த வார்த்தைகளைச் சொன்னால் கதவுக்கு வெளியே யாராவது பதில் சொல்லிவிடுவார்கள் என்று தோன்றியது. அது சரியான எண்ணமில்லை என்று எனக்கே தெரியும். ஆனாலும் வாயைத் திறந்தபடி, அந்த வெளுத்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிடங்கள் போயின. அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

அக்கா வந்து கதவைத் தள்ளினாள். முகம் தெளிவாக இருந்தது.

"மூணு தடவைன்னு சொன்னா ஒரே தடவையோட நிறுத்திட்ட. சொன்னதையும் மாத்திட்ட. அப்பான்னு கத்தச் சொன்னா 'அம்மா, கதவத் தொறம்மா'ங்கற. பயத்துல நமக்கு அம்மாதான் வாயில வரும்போல. பரவால்ல விடு, அந்த ஒண்ணே போதும். பக்கத்துல நின்னு பேசற மாதிரிக் கேட்டுச்சு."

தெருவில் ஏதாவது குழந்தை அம்மாவைக் கூப்பிட்டிருக்கும், அது அவள் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாற்பது வயதில் ஒரு கத்தல் கத்தத் துப்பில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது. அவளுக்குத்தான் கேட்டுவிட்டதே. இன்னொரு தடவை அந்த அறைக்குள் போக வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

அதன்பின் வீட்டில் அக்கா கொஞ்சம் மாறினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பாள். திடீரென்று தலையைத் தூக்குவாள். "கூப்பிட்டியா?" இல்லை என்பேன். மறுபடி படிப்பாள். மூன்றாவது ஞாயிறுதான் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டேன். இன்னொன்று, வீட்டுக்குள் எந்தக் கதவையும் அவள் சாத்தவிடவில்லை. குளியலறைக் கதவைத்தான் போனால் போகிறதென்று விட்டாள்.

விசாரணை நடந்தது. தையல்காரம்மா கூண்டில் ஏறி, கேட்டது கேட்டதுதான் என்றார். அப்பாவின் வக்கீலாக இதிலும் எதிரில் நின்ற ஸ்பீக்கர் இரண்டு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தும் அசையவில்லை. பெண்ணின் அம்மா, கடைக்குப் போயிருந்தேன், எதுவும் தெரியாது என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார். எல்லா வாய்தாவுக்கும் வந்து கணவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

கடைசி வாதத்தில் ஸ்பீக்கர், கதவு மூடிய அறையிலிருந்து ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைத் தாண்டி ஒரு குரல் கேட்கவே கேட்காது, இது ஜோடித்த சாட்சி என்று முழங்கினார். தனியாக வாழும் பெண், எதையாவது கற்பனை செய்திருப்பார் என்றும் ஒரு வார்த்தை விட்டார். அதில்தான் அக்கா நிதானம் இழந்தாள். எழுந்து, "நானே அங்க நின்னு கேட்டேன். என் காதால கேட்டேன்" என்றாள்.

வழக்கறிஞர் சாட்சி சொல்லக்கூடாது. அது அவளுக்குத் தெரியாதா? இத்தனை ஆண்டுகளில் ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை. நீதிபதி கண்டித்தார். கண்டித்துக்கொண்டே பேனாவை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். இஞ்சி டேப்பு அளந்துவிட்டால் அதற்கு மேல் கேள்வி இல்லை என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். தீர்ப்பு எந்தப் பக்கம் போகும் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

அன்று மாலை சாப்பிட உட்கார்ந்தபோது இதையெல்லாம் அவளே வெட்கத்தோடு சொன்னாள். "வாய் தவறிடுச்சு. ஆனா பொய் சொல்லலியே."

என் கை சாப்பாட்டில் அப்படியே நின்றது.

"அக்கா, அன்னைக்கு நான் கத்தவே இல்ல."

"என்னைக்கு?"

"அந்த ரூம்ல. வாயே வரல. நீ வந்து கதவத் தள்ளற வரைக்கும் சும்மாதான் நின்னுட்டிருந்தேன்."

"வெளையாடாத."

"சத்தியமாக்கா."

கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப கத்தினது யாரு?"

"தெருவுல ஏதாவது குழந்த..."

"தெருச் சத்தம் ஜன்னல் வழியா வரும். இது சுவத்துல இருந்து வந்துச்சு." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஏண்டி இத்தன நாளாச் சொல்லல?"

"நீதான் கேட்டுச்சுன்ன. அப்புறம் நான் என்ன சொல்ல?"

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஈரக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஒரு மனுஷன் ஆயுசுக்கும் உள்ள போகப்போறான். நான் சொன்னத நம்பி."

"அவன்தான் பண்ணியிருப்பான்லக்கா?"

"பண்ணியிருப்பான். அது வேற. கத்தின ஆளே இல்லாம நான் கேட்டேன்னு கோர்ட்டுல சொல்லியிருக்கேன். அது வேற."

"அம்மான்னுதான கேட்டுச்சு? அந்தப் பொண்ணோட அம்மாவக் கூப்பிட்டுக் கேட்டுப் பாரேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. கோபமில்லை. அவளும் அதையே நினைத்துவிட்டு, அந்த நினைப்பைத் தள்ளி வைக்கப் போராடிக்கொண்டிருந்தாள். "எத வெச்சுக் கேக்கறது? நான் செத்தவளுக்காகப் பேசலாம். செத்தவ பேசறத எடுத்துட்டு கோர்ட்டுக்குப் போக முடியாது. அப்படி ஆரம்பிச்சா நாளைக்கு யார வேணா உள்ள தள்ளலாம்."

அடுத்த சனிக்கிழமை மறுபடி போனோம். இந்தத் தடவை ஸ்பீக்கரையும் அழைத்திருந்தாள். அவர் கடைசிவரை நம்பவில்லை. "உன் கேஸ உடைக்க நீயே என்னக் கூட்டிட்டுப் போறியா? உடம்பு சரியில்லன்னா சொல்லிடு, லீவு போட்டுக்கலாம்."

நான் அறைக்குள் போனேன். கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டரைக்குக் கத்தினேன். என் குரல் இவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது. அப்பா என்றும் கத்தினேன், அம்மா என்றும் கத்தினேன். தொண்டை கிழிந்தது. முடித்துவிட்டு வெளியே வரலாம் என்று கதவை இழுத்தேன். வரவில்லை. தாழ்ப்பாள்தான் கழன்று கிடக்கிறதே, மாட்ட வழியில்லை. மறுபடி இழுத்தேன். கொஞ்சம் வந்து திரும்பிப் போயிற்று. மரம் இறுகினால் அசையவே அசையாது. இது அசைந்தது. நான் இழுக்கும் அளவுக்கு அந்தப்பக்கமும் யாரோ இழுத்துப் பிடிப்பது போல, அதுவும் பலமில்லாத கையால். நான் விட்டுவிட்டேன். எத்தனை நேரம் என்று தெரியாது. அப்புறம் தொட்டவுடன் திறந்துகொண்டது. வெளியே யாருமில்லை. போலீஸ்காரர் எதிர்ப்பக்க நிழலில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

தையல்காரம்மா வீட்டில் அக்காவும் ஸ்பீக்கரும் சுவரை ஒட்டி நின்றிருந்தார்கள்.

"எப்பக் கத்தப் போற?" என்றார் ஸ்பீக்கர்.

"கத்தி முடிச்சிட்டேன்."

அவர் நம்பாமல் தானே போய்க் கத்தினார். கட்டடமே அதிரும் குரல் அவருக்கு. நாங்கள் மூன்று பெண்களும் சீருடைத் துணிக் கட்டுகளுக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஒன்றுமில்லை. ஒரு பூச்சி பறக்கும் சத்தம்கூட இல்லை. அவர் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து, "எப்படி?" என்றார். அக்கா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

தையல்காரம்மா மட்டும் கலங்கவில்லை. மெஷினில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார். "நீங்க கத்தினா எப்படிக் கேக்கும்? அது கத்தினாத்தான் கேக்கும்."

"அன்னைக்கு என்ன கேட்டுச்சுன்னு இப்ப சொல்லுங்க. அப்பான்னுதான கூப்பிட்டா?" என்றாள் அக்கா.

"குரல்னுதான் நான் சொன்னேன். வார்த்தைய இன்ஸ்பெக்டர் ஐயாதான் எழுதிக்கிட்டாரு. அப்பான்னு போட்டாத்தான் கேஸ் நிக்கும்னாரு. கூண்டுலயும் அதையே சொல்லச் சொன்னாரு." பிறகு எங்களை அனுப்பிவைக்கும் குரலில், "எனக்கு இப்பவும் கேக்குது. நான் பாட்டுக்கு மெஷின ஓட்டிக்கிட்டே இருப்பேன். நிறுத்தினாத்தான் தொல்ல."

திங்கட்கிழமை அக்கா நீதிமன்றத்தில் எழுந்து சொன்னாள். தான் அன்று சொன்னது தவறு, அந்தச் சுவரைத் தாண்டி மனிதக் குரல் கேட்காது, எதிர்த்தரப்பின் முன்னிலையில் சோதித்தாயிற்று, சாட்சியின் வாக்குமூலத்தில் உள்ள வார்த்தைகளும் சாட்சி சொன்னவை அல்ல, எனவே நீதிமன்றம் இரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அதை எடுத்துட்டா உங்ககிட்ட வேற என்ன இருக்கு?"

"எதுவும் இல்லைங்க."

இன்ஸ்பெக்டர் வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டார். "எட்டு மாசம் நாயா அலஞ்சு கொண்டுவந்தத ஒரே நிமிஷத்துல குழி தோண்டிப் பொதச்சிட்டீங்களேம்மா!" பெண்கள் சங்கத்திலிருந்து வந்திருந்தவர்கள் இவ்வளவு நாளும் அக்காவின் கையைப் பிடித்துப் பேசியவர்கள். அன்று வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். "எவ்வளவு வாங்கினாங்களோ" என்று ஒருத்தி சொன்னது எங்களுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னது. அப்பாவைச் சுற்றி அவருடைய ஆட்கள் தோளில் தட்டிக்கொண்டிருந்தார்கள். தீர்ப்பு வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருந்தார்கள்.

புதன்கிழமை மாலை அலுவலகம் மூடும் நேரத்துக்கு அந்தப் பெண்ணின் அம்மா தனியாக வந்தார். நான் அக்காவை அழைத்துப் போக வந்து உள்ளே உட்கார்ந்திருந்தேன். நாற்காலியில் உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"அந்தத் தையக்காரம்மா சொல்லிட்டாங்க, நீங்களும் கேட்டேன்னீங்க. இனி நான் சொல்ல வேண்டியதில்லன்னு இருந்தேன்" என்றார். "இப்ப யாருமே கேக்கலன்னு ஆயிடுச்சு. அப்ப அவ கூப்பிட்டது யாருக்குக் கேட்டுச்சு?"

அக்கா கையைத் தூக்கித் தடுத்தாள். எத்தனையோ மாதமாக அவள் காத்திருந்த வாய் அது. "எங்கிட்ட எதுவும் சொல்லாதீங்கம்மா. நீங்க சொல்லப்போறது உங்க மேலயே திரும்பலாம். நான் உங்க வக்கீல் இல்ல. உங்களுக்குன்னு ஒருத்தர ஏற்பாடு பண்ணச் சொல்றேன், காசு வேண்டாம். அவர்கிட்டப் பேசுங்க. அதுக்கப்புறமும் சொல்லணும்னு இருந்தா கோர்ட்டுல சொல்லுங்க."

"அதுக்குள்ள என் மனசு மாறிட்டா?"

"மாறினா மாறட்டும்."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் அக்காவிடம் சண்டை போட்டேன். கையில் வந்ததை விட்டுவிட்டாயே என்றேன். வாசற்படியில் சாவியை எடுக்கும்போது, "மாறிடக்கூடாதுன்னு எனக்கும்தான் இருக்கு. என்னைப் போட்டுக் கொல்லாத" என்றாள்.

மாறவில்லை. வெள்ளிக்கிழமை தீர்ப்புக்குப் பதிலாக அந்த அம்மா மறுபடி கூண்டில் ஏறினார். இலவச வழக்கறிஞராக வந்திருந்த பெண் கடைசி நிமிடம்வரை அவர் காதில் ஏதோ சொல்லித் தடுத்துப் பார்த்தாள். நான் பின் வரிசையில் இருந்தேன்.

கடைக்குப் போகவில்லை என்றார். கணவர் மகளை ஸ்டோர் ரூமுக்குள் இழுத்துக்கொண்டு போனார், கதவை வெளியே தாழ் போடு, மிரட்டிப் பேசினால்தான் வழிக்கு வருவாள் என்றார். தாழ்ப்பாள் விழவில்லை. "அதனால கையாலயே இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னேங்க. ரெண்டு அறை வைப்பாருன்னு நெனச்சேன். உள்ள இருந்து அவ இழுத்தா. நான் விடல."

நான் என் உள்ளங்கையை மடியில் அழுத்திக்கொண்டேன்.

"ஏதாவது பேசினாளா?" என்று அக்கா கேட்டாள். வேறு எந்த வார்த்தையையும் அவளாக எடுத்துக் கொடுக்கவில்லை.

"ஒரே ஒரு தடவ. 'அம்மா, கதவத் தொறம்மா'ன்னா."

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டாள். பார்த்தவர்களுக்கு அவள் குறிப்பெடுக்கக் குனிந்தது போலத்தான் இருந்திருக்கும். "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தாள். ஸ்பீக்கர் எழுந்தார், அவர் குரலே வெளியே வரவில்லை. இரண்டு மூன்று கேள்விகள் கேட்டுவிட்டு அமர்ந்தார்.

அன்று மதியமே அந்த அம்மாவையும் குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்க்கும்படி மனு எழுத வேண்டியிருந்தது. எழுத வேண்டியவள் அக்கா. தட்டச்சருக்குக் கொடுக்காமல் கையாலேயே எழுதினாள். எழுதிய பிறகு அதை எனக்குக் காட்டவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. அப்பாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, அம்மாவுக்கு ஏழு ஆண்டு. தீர்ப்பில் அக்காவின் நேர்மையைப் பாராட்டி ஒரு பத்தி இருந்தது. அவள் அந்தப் பக்கத்தைப் படிக்கவேயில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்த மதியத்தில் மனு எழுதியதற்கும் போலீஸ் வேன் வந்ததற்கும் நடுவில் என்ன நடந்தது என்று அக்கா பதினான்கு ஆண்டுகள் யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் குழாயைச் சற்று நகர்த்தச் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள்.

அந்த அம்மாவை வராந்தாவில் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அக்கா தாண்டிப் போகும்போது அவர் கூப்பிட்டிருக்கிறார். "நீங்க அன்னைக்குக் காதால கேட்டேன்னு சொன்னீங்களே, அது பொய்யில்லைல்ல?"

அக்கா பெஞ்சின் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தெரியும். நான் கூண்டுல சொன்னப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன்." பிறகு அவர் மெதுவாகக் கேட்டாராம். "கோவமாக் கூப்பிட்டாளா? வெளிய நின்னதுல எனக்குத் தெரியல. என் காதுல ரத்தம் அடிச்சுக்கிட்டிருந்துச்சு. அவ என் மேல கோவமா இருந்தாளா?"

"ஆமாம்மா. கோவமாத்தான் கூப்பிட்டா" என்றாள் அக்கா.

அந்த அம்மாவின் தோள் இறங்கியது. ரொம்ப நாள் பிடித்து வைத்திருந்த எதையோ விட்டது போல இருந்ததாம். "அப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, போலீஸ்காரி கையைப் பிடிப்பதற்கு முன்பே எழுந்துகொண்டார். வேனில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

"உண்மையாவே கோவமாத்தான் கூப்பிட்டாளாக்கா?" என்று நான் கேட்டேன்.

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டில் சாப்பாட்டு வண்டி போகும் சத்தம் கேட்டது.

"இல்லடி" என்றாள். "கோவம் கொஞ்சங்கூட இல்ல. நாம பாத்ரூம்ல துண்ட மறந்துட்டு அம்மாவக் கூப்பிடுவோம்ல, அந்த மாதிரி. கூப்பிட்டா தொறப்பாங்கன்னு தெரிஞ்ச குரல். அதப் போய் அந்தம்மாகிட்ட நான் எப்படிச் சொல்றது?"